அந்த ஊசி என் தந்தைக்கு ஏன் கூடாது?

கேள்வி: என் தந்தைக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்து, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. அவரோடு சிகிச்சை பெறும் ஒருவருக்கு நல்ல பலன் தந்த செடுக்சிமாப் ஊசியை இவருக்குப் போட மறுக்கிறார்கள். மரபணுச் சோதனையில் ‘கே-ராஸ் பிறழ்வு உண்டு’ என்று வந்ததுதான் காரணமாம். நோய் ஒன்றுதானே? இந்தப் பிறழ்வு எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கிடைக்கும் மருந்து நம்மவருக்கு இல்லை என்றால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால், உங்கள் மருத்துவர் செய்திருப்பது முற்றிலும் சரி.

செடுக்சிமாப், பானிடுமுமாப் ஆகிய இரண்டும் புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அடைத்து, ‘பெருகு’ என்ற கட்டளை உள்ளே செல்லாமல் தடுப்பவை. ஏற்பியிடமிருந்து அந்தக் கட்டளையை வாங்கி உள்ளே அனுப்புவது, கே-ராஸ் போன்ற மரபணுக்கள் உருவாக்கும் ராஸ் புரதம். கட்டளை வந்தால் விழிப்பதும், வேலை முடிந்ததும் அடங்குவதும் அதன் இயல்பு. அதன் 12-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வேறொன்று வந்து அமர்ந்துவிட்டால், அந்தப் புரதம் எளிதில் அடங்குவதில்லை; பிறழ்வு என்பது இத்தகைய மாற்றமே. கூச்சல் வீட்டுக்குள்ளிருந்தே எழும்போது வாசலை அடைத்து என்ன பயன்? பரவிய நிலையிலுள்ள நோயாளிகளில் ஏறத்தாழ 100-க்கு 40 பேரின் கட்டியில் கே-ராஸ் பிறழ்வு காணப்படுகிறது.

2004-இல் செடுக்சிமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அந்த அளவுகோல் பலனை முன்னறிவிக்கவில்லை. கே-ராஸ் பிறழ்வு உள்ளவர்களுக்கு இம்மருந்து உதவுவதில்லை என்பது 2008 வாக்கில் உறுதிப்பட்டது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, கே-ராஸ் மரபணுவில் அதுவரை சோதிக்காத பிற பகுதிகளிலோ அதன் உறவான என்-ராஸ் மரபணுவிலோ பிறழ்வு இருந்தாலும் பலனில்லை என்று காட்டியதோடு, அத்தகையோருக்கு ஆக்சாலிபிளாட்டின் அடங்கிய கீமோவுடன் பானிடுமுமாப் சேர்த்தபோது ஆயுள் குறைந்ததையும் வெளிப்படுத்தியது. ஆகவே இந்த மறுப்பை உங்கள் தந்தைக்கான பாதுகாப்பாகவே நான் கருதுகிறேன்.

இதனால் எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. கீமோவையும், கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் வளராமல் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசியையும் பயன்படுத்த கே-ராஸ் பிறழ்வு தடையாவதில்லை. சோதனை அறிக்கையை வாங்கி, பிறழ்வு எந்த வகை என்று பாருங்கள். சிலரிடம் மட்டும் காணப்படும் ‘ஜி12சி’ (12-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன்) என்றிருந்தால், அதை நேரடியாக முடக்கும் சோடோராசிப் மாத்திரையைப் பானிடுமுமாபுடன் சேர்த்துத் தர, முந்தைய கீமோவுக்குப் பிறகு நோய் வளர்ந்தவர்களுக்காக 2025-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துள்ளது. அடைத்தும் பயன்படாத அதே வாசல், உள்ளிருக்கும் கூச்சலையும் சேர்த்து அடக்கும்போது பயன்படுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ராஸுக்கு அடுத்து அதே கட்டளையைக் கடத்தும் பி-ராஃப் புரதத்தில் வரும் ‘வி600இ’ என்ற பிறழ்வுக்கும் இதே பாடம்தான்: பி-ராஃபை மட்டும் தடுத்தால் குடல் புற்றணு இ.ஜி.எஃப்.ஆர். வழியாக மீண்டும் எழுவதால், பி-ராஃபைத் தடுக்கும் என்கொராஃபெனிபுடன் செடுக்சிமாபும் சேர்த்தே தருகிறார்கள்.

உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். கே-ராஸ் பிறழ்வு கட்டியின் அணுக்களில் பின்னர் தோன்றியது. அது தந்தையிடமிருந்து உங்களுக்கு வருவதில்லை. ஆனால் அதே அறிக்கையில் ‘மைக்ரோசாட்டலைட் நிலையின்மை அதிகம்’ (அணு தன் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்த முடியாத நிலை) என்றிருந்தால் இரண்டு காரணங்களுக்காக உடனே கேளுங்கள்: பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் அவருக்குச் சிறப்பாக வேலை செய்யக்கூடும், இன்னொன்று, சிலரிடம் அது லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் குறைபாட்டின் அடையாளம். அப்படி உறுதியானால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இரத்தத்தில் மரபணுச் சோதனை தேவைப்படும். அவ்வாறு இல்லையென்றாலும், பெற்றோருக்கு இந்நோய் வந்திருப்பதால், கொலனோஸ்கோபி என்ற பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.