வரையும் ஆர்வம் கார்ட்டூனாக வளருமா? எனக்கு வளர்ந்த கதை

"என் மகள் எந்நேரமும் ஏதாவது வரைந்துகொண்டே இருக்கிறாள். சிறுவயது ஆர்வம் கார்ட்டூன் வரை வளருமா? உங்களுக்கு எப்படி வளர்ந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வளர்ந்ததில் கோத்தகிரிப் பனிக்குப் பெரிய பங்கு உண்டு. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எதிரே வருகிறவரின் முகம் தெரியாது. பனி ஒரு பக்கம், மஃப்ளரும் காதை மூடிய குல்லாவும் இன்னொரு பக்கம். ஆனாலும் தூரத்திலேயே ஆள் யார் என்று சொல்லிவிடுவோம். ஒருவர் ஒரு தோளை இறக்கி நடப்பார். இன்னொருவர் குடையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார். மேடு ஏறும்போது தொடையில் கை ஊன்றுகிறவரும் உண்டு. கார்ட்டூனுக்கு முதலில் வேண்டியது அந்த நிழலுருவம்தான்.

அதற்கு முன் நான் வரைந்தது மலை, வீடு, காலண்டர் சாமி. அச்சு அசலாக வந்தால் பாராட்டுவார்கள். அப்பா தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஒருபக்கம் எழுதிய பழைய தாள்களைக் கொண்டுவருவார். அதில் ஒன்றின் பின்பக்கம், பக்கத்து வீட்டுப் பெரியவர் மேடு ஏறுவதை நாலைந்து கோட்டில் போட்டேன். முகமே இல்லை. அப்பா பார்த்ததும் அவர் பெயரைச் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். எந்தப் பாராட்டையும்விட அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் பத்திரிகைகளே பள்ளிக்கூடம். விகடனில் கோபுலு வரைந்த, வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். எழுத்து இல்லாத இடத்தில் முதுகும் கையும்தான் பேச வேண்டும். மதனின் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவுக்குப் பெயரிலேயே குணம் இருக்கிறது. ஆர்.கே. லட்சுமணின் சாமானியர் கட்டம் போட்ட கோட்டோடு வாயே திறக்காமல் நிற்பார், பேசுவதெல்லாம் சுற்றியிருப்பவர்கள்.

நாட்டு நடப்பை வரைய வைத்தது பசுந்தேயிலை விலை. எங்கள் மலையில் சிறு விவசாயி வீடுகளில் அதுதான் பேச்சு. டீத்தூள் விலை எங்கள் மலை ரயிலின் பல்சக்கரத் தண்டவாளத்தில் குன்னூருக்கு ஏறுகிறது, இலை விலை பல் இல்லாத தண்டவாளத்தில் மேட்டுப்பாளையத்துக்குச் சறுக்குகிறது என்று ஒரு படம் போட்டேன். டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். ஃபேக்டரிக்குத் தேயிலை போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் 1906 முதல் 1910 வரை கருத்துப்படங்கள், அதாவது கார்ட்டூன்கள், வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் போய்ச் சேர அதைவிட நல்ல வழி இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

வயதாகிவிட்டால் நின்றுவிடுமா என்றும் சிலர் கேட்பார்கள். கோபுலு பக்கவாதத்தில் வலது கை முடங்கிய பிறகு இடது கையால் வரையப் பழகினார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல!

சரி, உங்கள் மகள் விஷயம். பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போங்கள். காத்திருக்கும் மனிதர்களை வரையட்டும். முகத்தைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கை பழகியதும் தொட்டு எழுதும் நிப்பும் இந்தியன் இங்க்கும் வாங்கிக் கொடுங்கள். அழுத்தினால் தடித்து, விட்டால் மெலியும் கோடு பால்பாயிண்ட் பேனாவில் வராது. நீங்களும் மலையில் இருப்பவர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அடுப்பங்கரை அலமாரியில் வையுங்கள். ஈரம் ஏறிய தாளில் மை பரவிவிடும்.