தேங்காய் ஸ்டௌட்டுக்கு எந்தச் சிகார்?

கேள்வி: அண்ணே, கனடாவில இருந்து வந்த மச்சான் ரெண்டு டின் கிராஃப்ட் ஸ்டௌட் (கறுப்புப் பியர்) கொண்டு வந்தவர். தேங்காய், சொக்லேட், வனிலா எல்லாம் போட்டதாம், 473 மில்லி, மதுசாரம் 12 வீதம் எண்டு டின்ல கிடக்கு. ஒண்டை உடைச்சுப் பாத்தம், பியர் மாதிரியே இல்ல, வட்டிலப்பத்தைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி. மற்ற டின்னை வாற சனிக்கிழமை ஒரு சிகாரோட எடுப்பம் எண்டு பிளான். கொழும்பில இருக்கிற கூட்டாளி வனிலா வாசம் போட்ட சிகார் ஒரு பெட்டி வாங்கி அனுப்பட்டோ எண்டு கேக்கிறான். வாங்கச் சொல்லவா, இல்லாட்டி யாழ்ப்பாணச் சுருட்டே காணுமா? (திருகோணமலை உப்புவெளி வாசகர்)

பதில்: வனிலா சிகார் வேணாம் தம்பி, அதுவும் பெட்டியா வேணவே வேணாம். வட்டிலப்பத்துக்கு மேல ஆராவது சீனிப்பாணி ஊத்துவினமா? வாசம் போட்ட சிகார்களில கனக்க வாய் வைக்கிற முனையிலயே இனிப்புத் தடவி வரும், அதோட இந்த ஸ்டௌட்டும் சேந்தா ரெண்டாவது மிடறிலயே திகட்டிப் போகும், பிறகு புகையிலை ருசியும் தெரியாது பியர் ருசியும் தெரியாது.

டின்னைத் திருப்பி என்னென்ன போட்டிருக்கு எண்டு வாசிச்சுப் பாருங்கோ. இப்பிடியான ஸ்டௌட்டுகளில அனேகமா லாக்டோஸ் இருக்கும், பால்ச் சீனி, பியர் ஈஸ்டுக்கு அதைத் தின்ன ஏலாது, அதாலதான் நொதிச்சு முடிஞ்ச பிறகும் இனிப்பு அப்பிடியே நிக்குது. (பால் குடிச்சா வயித்தைக் கலக்கிற ஆள் எண்டா மச்சானுக்கே விட்டுக் குடுங்கோ.) இந்த இனிப்பு நாக்கில படை மாதிரிப் படியும், அதை வெட்ட மிளகுக் காரமும் கொஞ்சம் கசப்பும் வேணும். அதால வாசம் ஒண்டும் போடாத நிக்கராகுவா சிகார், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல காரமானது கேளுங்கோ. வெளிர் நிறக் கனெக்டிகட் இலை சுத்தினது மெதுவான சாமான், நல்லதுதான், ஆனா இந்த ஸ்டௌட்டுக்குள்ள தாண்டு போகும். கறுப்பு மடூரோ இலைக்கே ஒரு இனிப்பு இருக்கு, அது இனிப்புக் குறைஞ்ச ஸ்டௌட்டுக்குத்தான் சோக்கு.

யாழ்ப்பாணச் சுருட்டு கேட்டீங்க. என்ர வாய்க்கு அது நம்மட லயன் ஸ்டௌட்டோடதான் பொருந்தும். 8.8 வீதம், வறுத்த கோப்பி, கறுப்புச் சொக்லேட் ருசி, மைக்கல் ஜாக்சனே (பாட்டுக்காரர் இல்ல, பியர் பற்றி எழுதின இங்கிலாந்துக்காரர்) பாராட்டின சாமான், பியகமவில காய்ச்சிறது. மச்சான்ர டின் முடிஞ்சா காசைக் கரியாக்காம அதுக்கு மாறுங்கோ.

இனி வாங்கிற கதை. ஒண்டோ ரெண்டோ ரொபஸ்டோ சைஸ் காணும், அது கிட்டத்தட்ட 5 அங்குலம். கூட்டாளி கடையில விரலால மெல்ல அமத்திப் பாக்கட்டும், பஞ்சு மாதிரி அமுங்கித் திரும்பி வரோணும், நறநறக்கிறது காஞ்சது. ஊசி குத்தின மாதிரிச் சின்ன ஓட்டை இருந்தா அது புகையிலை வண்டு, தொடவே வேணாம். சிகாருக்கு 65 தொடக்கம் 70 வீத ஈரப்பதம் வேணும், சூடு 25 பாகைக்கு மேல போனா வண்டு முட்டை பொரிக்கத் தொடங்கிடும். நம்மட ஊர்ச் சூட்டில பெட்டியா வாங்கி அலுமாரிக்க வச்சா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ, கச்சான் காத்தில காயும், மாரியில பூஞ்சணம் பிடிக்கும். நான் ஒருக்கா அஞ்சு சிகாரை மேசை லாச்சிக்க வச்சுப் பழுதாக்கினனான், மனிசி இண்டைக்கும் சொல்லிக் காட்டும். சனிக்கிழமை வரைக்கும் இறுக்கி மூடின சிப்லொக் பையில, வீட்டில குளிர்ச்சியான மூலையில போதும், ஃபிரிஜ்ஜுக்க வச்சா காஞ்சு போகும்.

டின்தான் ஃபிரிஜ்ஜுக்க இருக்கோணும். ஆனா ஐஸ் மாதிரிக் குடிச்சா வாசமும் ருசியும் மங்கிப் போகும், வெளிய எடுத்து ஒரு பத்து நிமிஷம் விடுங்கோ, திருகோணமலையில அதுக்கு மேல தேவைப்படாது. அந்த ஒரு டின்ல சுத்த மதுசாரம் கிட்டத்தட்ட 57 மில்லி, 625 மில்லி லாகர் (சாதாரண பியர்) பெரிய போத்தில் 4.8 வீதத்தில 30 மில்லிதான். அதாவது ரெண்டு பெரிய போத்திலுக்குக் கிட்ட. அதால ஒரு டின் ரெண்டு பேருக்குத் தாராளம். வெறும் வயித்தில சிகார் பிடிச்சா நிக்கொட்டின் தலையைச் சுத்தும், சாப்பிட்டுட்டு இருங்கோ, பக்கத்தில தண்ணி வையுங்கோ, புகையை உள்ள இழுக்க வேணாம். இழுக்காட்டியும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கு, அதைத் தெரிஞ்சுகொண்டு பிடியுங்கோ.

கூட்டாளிக்கு இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்கோ. வயசு குறைஞ்ச பொடியளைக் கடைக்கு விட வேணாம், 2006ம் ஆண்டுச் சட்டப்படி 21 வயசுக்குக் கீழ பியரும் விக்க ஏலாது, சிகாரும் விக்க ஏலாது. லயன் வாங்கிறதெண்டா முதல்ல கலண்டரைப் பாருங்கோ, போயா எண்டா வைன் ஸ்டோர்ஸ் பூட்டு.