பருத்தி நூலில் துடைதுணி: குரோஷா கேள்விகளும் பதில்களும்

குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, கற்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு துடைதுணி பின்னுங்கள் என்றுதான் சொல்வேன். உடம்புக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. ஓரம் கொஞ்சம் கோணினாலும் முகம் துடைக்கலாம், பாத்திரம் துடைக்கலாம். ஆனால் அது தினமும் தண்ணீரில் நனையப்போகிற துணி. நூல், ஊசி, பின்னல் மூன்றையும் அதை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகின்றன.

கேள்வி: வீட்டில் அக்ரிலிக் நூல் நிறைய மிச்சம் இருக்கு அக்கா. அதிலேயே பின்னலாமா?

கை பழக அதில் பின்னிப் பாருங்கள். துடைக்க மட்டும் வேண்டாம். அக்ரிலிக் இழை தண்ணீரை உள்ளே இழுக்காது, ஈரத்தை இங்கிருந்து அங்கே தள்ளும். சூடான பாத்திரத்தில் பட்டால் உருகவும் செய்யும். பருத்தி தண்ணீரை உறிஞ்சும். நனைந்தபோது அதன் இழைக்கு வலு கூடும் என்பதால் தேய்ப்பையும் பிழிவதையும் தாங்கும், கொதிநீரையும் தாங்கும்.

பருத்தியிலும் இரண்டு வகை உண்டு. மெர்சரைஸ்டு என்று போட்டிருக்கும் நூல் பளபளப்பாக, வழுவழுப்பாக இருக்கும். மேசை விரிப்புக்கு அது அழகு. துடைதுணிக்கு மங்கலான சாதாரணப் பருத்தி நூலையே எடுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் சட்டென்று பிடிக்கும்.

கேள்வி: நூல் எவ்வளவு தடிமன், ஊசி என்ன அளவு, ஒரு துணிக்கு எவ்வளவு நூல்?

நூல் உருண்டையின் லேபிளில் தடிமன் எண் இருக்கும். 4 என்று இருந்தால் 5 மி.மீ. ஊசி. 3 என்றால் 4 மி.மீ. ஏறக்குறைய 20 செ.மீ. சதுரத் துணிக்கு எண் 4 நூலில் 50 கிராம் கையில் இருந்தால் நிம்மதியாக முடிக்கலாம். கிடைப்பது மெல்லிய நூல் மட்டும்தான் என்றால் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்துப் பின்னுங்கள்.

முதல் துணிக்கு வெளிர் நிறமே நல்லது. கருநீலத்திலும் கறுப்பிலும் கண்ணி எங்கே என்றே தெரியாது.

கேள்வி: ஒண்ணுமே தெரியாது. ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க.

நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியில் சுற்றி அந்த வளையத்தின் வழியாக இழுத்தால் ஒரு சங்கிலி. இப்படி 29 சங்கிலி. ஊசியில் இருக்கும் வளையத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இப்போது ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் குத்துங்கள். நூலைச் சுற்றி வெளியே இழுங்கள், ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒன்றாக இழுங்கள். இதுதான் சிங்கிள் குரோஷே. ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்று போட்டுக்கொண்டே போனால் வரிசை முடிவில் 28 கண்ணி.

ஒரு சங்கிலி போட்டு, துணியைத் திருப்பி, மறுபடி 28. மேலே ‘வி’ வடிவில் படுத்திருக்கும் இரண்டு இழைகளுக்கும் அடியில் ஊசி நுழைய வேண்டும். துணி சதுரமாகும் வரை இதே வேலைதான். ஒரு மூலையை எதிர் மூலைக்கு மடித்துப் பாருங்கள். ஓரங்கள் பொருந்தினால் சதுரம்.

கேள்வி: சதுரமாகத்தான் ஆரம்பித்தேன். மேலே போகப் போக முக்கோணமாகிவிடுகிறது. நாலு முறை பிரித்துவிட்டேன்.

எல்லாருக்கும் இது வரும். காரணம் ஓரத்தில் இருக்கிறது, நடுவில் தேடாதீர்கள். வரிசையின் கடைசிக் கண்ணி சற்று மடங்கிச் சாய்ந்து நிற்கும், அதைக் கண்ணியென்றே கண் ஏற்காது. விட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். வரிசைக்கு ஒன்று குறைந்தால் பத்து வரிசையில் பத்து கண்ணி போய்விடும். திரும்பியதும் முதல் கண்ணியைத் தாண்டி இரண்டாவதில் குத்துவது இன்னொரு காரணம்.

சிங்கிள் குரோஷேயில் திரும்பும்போது போடும் ஒற்றைச் சங்கிலி கண்ணிக் கணக்கில் வராது. ஆகவே அதன் அடியிலேயே இருக்கும் முதல் கண்ணியில்தான் குத்த வேண்டும். டபுள் குரோஷேயில், அதாவது குத்தும் முன்பே ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணியில், கணக்கு மாறும். அங்கே திரும்பும் 3 சங்கிலியே முதல் கண்ணி. அதனால் அடியில் இருப்பதை விட்டு அடுத்ததில் குத்துவோம், வரிசை முடிவில் முந்தைய வரிசையின் 3 சங்கிலியின் உச்சியில் கடைசிக் கண்ணியைப் போடுவோம். இந்த இரண்டு விதிகளையும் குழப்பிக்கொள்வதால்தான் துணி ஒரு பக்கம் குறுகும், சிலருக்கு அகலும்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஒரு ஊக்கு, அல்லது வேறு நிற நூல் துண்டு. திரும்பி வரும்போது ஊக்கு குத்திய கண்ணியில் பின்னாமல் வரிசையை முடிக்காதீர்கள். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். ஓரம் கண்ணுக்குப் பழகியபின் ஊக்கும் தேவைப்படாது.

கேள்வி: அடி ஓரம் மட்டும் சுருங்கி வில்லாக வளைகிறதே?

ஆரம்பச் சங்கிலி இறுகிவிட்டது. சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியில் போட்டு, முதல் வரிசையிலிருந்து வழக்கமான ஊசிக்கு வாருங்கள்.

கேள்வி: பின்னல் ஒழுங்காகத்தான் வந்திருக்கு. ஆனா துணி பலகை மாதிரி விறைப்பா இருக்கு. முகத்துல வைக்கவே முடியல.

இறுக்கிப் பின்னுகிறீர்கள். பருத்தி நூலுக்குக் கம்பளி போல நெகிழ்ந்து கொடுக்கும் குணம் இல்லை என்பதால் இறுக்கம் அப்படியே துணியில் தங்கும். ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். கண்ணி உருவாகும்போது அதை ஊசியின் தடித்த தண்டுப் பகுதியில் விடுங்கள். கொக்கியின் மெல்லிய கழுத்தில் விட்டால் சின்னதாகவே விழும்.

அப்படியும் விறைத்தால் பின்னலை மாற்றுங்கள். துடைதுணிக்கு எனக்கு மிகப் பிடித்தது மாஸ் தையல். சங்கிலி இரட்டைப் படையில் இருக்க வேண்டும், 30 போடுங்கள். ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் ஒரு சிங்கிள் குரோஷே. பிறகு ஒரு சங்கிலி போட்டு, ஒன்றைத் தாண்டி, அடுத்ததில் சிங்கிள் குரோஷே. கடைசி வரை இதே. திரும்ப 2 சங்கிலி. அடுத்த வரிசையில் கண்ணியில் குத்தாமல், முந்தைய வரிசையின் சங்கிலிக்குக் கீழே இருக்கும் இடைவெளிகளில் குத்துங்கள். கடைசிக் குத்து திரும்பும் சங்கிலியின் இடைவெளியில். ஊசி பெரிய ஓட்டைக்குள் போவதால் கைக்கும் சுலபம். துணி துவண்டு விழும், சீக்கிரம் காயும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

பாத்திரம் துடைக்க மட்டும் என்றால் மேடுபள்ளமாக வரும் வாஃபிள் தையல் நன்றாக உறிஞ்சும். நூல் அதிகம் பிடிக்கும், காயவும் நேரமாகும். குழந்தையின் முகத்துக்கு அதைச் சொல்லமாட்டேன்.

கேள்வி: எனக்கு இடக்கை பழக்கம்.

ஊசியை இடக்கையில் பிடித்து இடமிருந்து வலமாகப் பின்னுங்கள். கணக்கு எதுவும் மாறாது. வலக்கைக்காரர் செய்யும் காணொளியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் பார்த்தால் அப்படியே பின்தொடரலாம்.

கேள்வி: ஒரு செய்முறையில் டபுள் குரோஷே என்று இருந்தது. பின்னினேன், படத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு உயரமாக வந்துவிட்டது.

அது பிரிட்டிஷ் செய்முறையாக இருக்கும். அமெரிக்கர்களின் சிங்கிளைத்தான் பிரிட்டனில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுள் அங்கே டிரெபிள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

கேள்வி: அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்குது. நூல் வேற பிரிஞ்சு பிரிஞ்சு போகுது.

வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், வலியோடு பின்னி முடிக்க வேண்டாம். பேனா பிடிப்பது போல ஊசியைப் பிடித்தால் கத்தி பிடிப்பது போல மாற்றிப் பாருங்கள். தடித்த ரப்பர் பிடி வைத்த ஊசி விரல்களுக்கு இதம். நூல் பிரிவதற்கு முனை கூரான ஊசி ஒரு காரணம். முனை சற்று உருண்ட, வழுக்கும் அலுமினிய ஊசி இழையைப் பிளக்காது. ஒரு இழை தப்பினால் அந்தக் கண்ணியை உடனே பிரித்துத் திரும்பப் போடுங்கள், துவைத்தால் அங்கேதான் நூல் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: முதல் துவையலிலேயே நூல் முனை வெளியே வந்துவிட்டது. முடிச்சுப் போடலாமா?

முடிச்சு முகத்தில் உறுத்தும், வழுவியும் போகும். 15 செ.மீ. வால் விட்டு நூலை வெட்டுங்கள். முனை மழுங்கிய பெரிய காது ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் ஒரு திசையில் ஓட்டி, ஒரு இழையைத் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் ஓட்டி, மூன்றாவது முறையும் ஓட்டுங்கள். திசை மாறுவதுதான் அதைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: பரிசாகக் கொடுக்க சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னினேன். சாயம் போகுமா? வினிகரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள்.

வினிகர் பருத்திச் சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. பின்னத் தொடங்கும் முன்பே சிவப்பு நூலில் ஒரு சிறு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. இப்போது முடித்துவிட்டதால் குளிர்ந்த நீரில் துவைத்து உடனே விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் வெள்ளையில் சிவப்பு ஏறும். முதல் துவையலில் பருத்தி கொஞ்சம் சுருங்கவும் செய்யும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிட்டால், வாங்கியவரின் கையில் அளவு மாறாது.

கேள்வி: சில நாளில் வாடை வருகிறது. உறிஞ்சுவதும் குறைந்துவிட்டது.

வாடைக்குக் காரணம் காயாத ஈரம். பின்னி முடிக்கும் மூலையில் 12 சங்கிலி போட்டு அதே மூலையில் இணைத்தால் மாட்ட ஒரு வளையம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பிழிந்து அதில் தொங்கவிடுங்கள். உறிஞ்சுவது குறைய, துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் திரவம் காரணமாக இருக்கலாம். அது இழைமேல் படலமாகப் படியும். அதை நிறுத்திவிட்டு, சோப்புத்தூள் மட்டும் போட்டு வெந்நீரில் இரண்டு முறை துவைத்து அலசுங்கள். பாத்திரத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று தனித்தனி நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.