ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதணும், 25,000 ரூபா இருக்கு, எதை வாங்கறது?

கேள்வி: சார், நான் திருச்சியில இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பியானோ எட்டாவது கிரேடு முடிச்சிருக்கேன். ஹைடன், மொஸார்ட், த்வோராக் இவங்க வழியில ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதணும்னு ஆசை, என்னைக்காவது ஒரு நாள் நிஜமான ஆளுங்க அதை வாசிக்கணும். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ராம், 25,000 ரூபா சேத்து வச்சிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் எஃப்எல் ஸ்டூடியோ வாங்குன்னு சொல்றாங்க, யூடியூப்ல பாத்தா பெரிய பெரிய ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரியா காட்டறாங்க. எதுல காசு போடறது? அதுலயே கர்நாடக வயலினும் வருமா?

பதில்: தம்பி, உங்க கேள்வியில ஒரு வரி ரொம்ப முக்கியம், "நிஜமான ஆளுங்க வாசிக்கணும்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி முடிவு வந்துருச்சு. உங்களுக்கு வேண்டியது ஸ்கோர் எழுதுற சாஃப்ட்வேர். எஃப்எல் ஸ்டூடியோ நல்ல சாதனம்தான், பீட் வச்சு பாட்டு கட்டறவங்களுக்கு அது கைக்கு அடக்கமா இருக்கும், ஆனா ஒரு வயோலாக்காரர் ஸ்டாண்டுல வச்சு வாசிக்கிற பார்ட்டை, வில்லு மேல போகுதா கீழ வருதா, எங்க ஸ்லர் (சில சுரங்களை ஒரே வில்லுல சேத்து வாசிக்கற குறி), எங்க பக்கம் திருப்பறதுக்கு ரெஸ்ட் விடணும்னு எல்லாம் பாத்து தயார் பண்றதுக்காக செஞ்சது இல்ல அது. முழு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற மாதிரி ஒரு ஆடியோ ஃபைல் செஞ்சு கேக்க வைக்கறது தனி வேலை, அதுக்குத்தான் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும், நிஜ வாத்தியத்தை சுரம் சுரமா பதிவு பண்ணி வச்ச சாம்பிள் லைப்ரரியும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

முதல்ல மியூஸ்ஸ்கோர்னு ஸ்கோர் எழுதுற சாஃப்ட்வேரை இறக்குங்க, இலவசம். 2022 டிசம்பர்ல நாலாவது வெர்ஷன் வந்ததுல இருந்து அது வேற சாஃப்ட்வேர் மாதிரி ஆயிடுச்சு, மியூஸ் ஹப்னு ஒரு சின்ன ப்ரோகிராம் போட்டா மியூஸ் சவுண்ட்ஸ்னு ஸ்ட்ரிங்ஸ், வுட்விண்ட், பிராஸ், பெர்கஷன், கொயர் எல்லாம் இலவசமா வருது, அந்த ஸ்ட்ரிங்ஸ் ஸ்லரையும், வெட்டி வெட்டி வாசிக்கற ஸ்டக்காட்டோவையும் பாத்து அதுக்கேத்த மாதிரி வாசிக்கும். உங்க 8 ஜிபி லேப்டாப்புல எல்லா வாத்தியத்தையும் இறக்க வேண்டாம், ஸ்ட்ரிங்ஸ் மட்டும் போதும். நோட் எழுதும்போது லேப்டாப் திணறுச்சுன்னா உள்ளேயே இருக்கற எம்எஸ் பேசிக் சவுண்டுக்கு மாத்திட்டு வேகமா எழுதுங்க, கேக்கும்போது மட்டும் நல்ல சவுண்டுக்கு மாத்திக்கலாம். இன்னொரு உபயோகம், வாத்தியத்தோட ரேஞ்சைத் தாண்டி ஒரு நோட் போட்டா அது நிறம் மாறிடும், சாதாரண வாசிப்புக்கு எட்டாததுன்னா ஒரு நிறம், யாராலயும் முடியாதுன்னா சிவப்பு, புதுசா எழுதறவங்களுக்கு இது பக்கத்துல வாத்தியார் உக்காந்திருக்கற மாதிரி.

காசு குடுத்து வாங்கறதுன்னா டோரிக்கோவும் சிபேலியஸும் இருக்கு. சிபேலியஸ் 1993ல இங்கிலாந்துல வந்தது, அதைக் கட்டின டீமை 2012ல கம்பெனி வெளிய அனுப்பினப்போ ஸ்டைன்பெர்க்னு இன்னொரு கம்பெனி அவங்கள சேத்துக்கிட்டு, 2016ல டோரிக்கோவைக் கொண்டு வந்தாங்க. என் கணக்குல இன்னைக்கு பெரிய ஸ்கோருக்கு டோரிக்கோதான் முதல், ரெண்டு ஃப்ளூட்டுக்கு தனித்தனியா எழுதினாலும் கண்டக்டர் ஸ்கோர்ல ஒரே வரியில சேத்துக் காட்டற வேலையை அது தானா செய்யும், ஆனா அது ப்ரோ எடிஷன்ல மட்டும்தான், இப்ப நீங்க எழுதப் போற அஞ்சு வரி ஸ்ட்ரிங்ஸுக்கு அது தேவையே இல்ல. அதோட எஸ்இ எடிஷன் இலவசம், வாத்தியம் எத்தனை சேக்கலாம்ங்கறதுல கட்டுப்பாடு உண்டு, கை பழகறதுக்கு போட்டுப் பாருங்க. பழைய வீடியோவுல ஃபினாலேன்னு ஒண்ணு காட்டுவாங்க, அதைத் தேடாதீங்க. 1988ல இருந்து பெரிய பெரிய பப்ளிஷர்ங்க எல்லாம் பயன்படுத்தினது, 2024 ஆகஸ்ட்ல இனிமே இதை வளர்க்கப் போறதில்லன்னு கம்பெனியே அறிவிச்சுட்டாங்க, முப்பது வருஷ வேலையை அதுல வச்சிருந்தவங்க எல்லாம் ஃபைலை வேற இடத்துக்கு மாத்த ஓட வேண்டியிருந்தது. அதனால எதுல எழுதினாலும் சரி, ஒரு பீஸ் முடிஞ்சதும் மியூசிக்எக்ஸ்எம்எல்லா ஒரு காப்பி, பிடிஎஃப்பா ஒரு காப்பி எடுத்து தனியா வையுங்க, மியூசிக்எக்ஸ்எம்எல்ல எந்த ஸ்கோர் சாஃப்ட்வேரும் திறக்கும்.

இப்ப ரொம்ப நேரம் நின்னு பேச வேண்டிய இடத்துக்கு வர்றேன். கம்ப்யூட்டர் வாசிக்கறதைக் கேட்டு எழுதும்போது அது உங்கள ஏமாத்தும், எவ்வளவு விலை குடுத்து வாங்கின லைப்ரரியா இருந்தாலும் ஏமாத்தும், இன்னும் சொல்லப்போனா நல்ல லைப்ரரிதான் ஜாஸ்தி ஏமாத்தும் ஏன்னா நம்ப வைக்கிற மாதிரி கேக்கும். ஃப்ளூட்டோட அடி ஸ்தாயியில ஒரு மெலடி எழுதி, கீழ ட்ராம்போனை ஃபோர்ட்டேல, அதாவது பலமா, வையுங்க, ஸ்பீக்கர்ல ஃப்ளூட் தெளிவா கேக்கும், ஏன்னா மிக்சர்ல அதுக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஒரு ஃபேடர் இருக்கு. ஹால்ல அந்த ஃப்ளூட் இருக்கற இடமே தெரியாது. வயலின்ல கீழ் ஜியையும் அதுக்கு அடுத்த ஏயையும் ஒண்ணா அடிக்க எழுதினா சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லாம வாசிச்சுரும், ஆனா அந்த ரெண்டு சுரமும் கடைசி தடிச்ச கம்பியில மட்டும்தான் இருக்கு, ஒரு கம்பியில ஒரு நேரத்துல ஒரு சுரம்தானே வரும். ஹார்ப்ல வேகமா குரோமாட்டிக் ஓட்டம், அதாவது அரை அரை சுரமா போறது, எழுதலாம், நிஜ ஹார்ப்புல ஷார்ப் ஃப்ளாட் மாத்தறது காலடியில இருக்கற 7 பெடல், அவ்வளவு வேகத்துக்கு கால் வராது. ஹார்ன்காரர் மூச்சு விடணும், சாம்பிள் விடாது. இது எதையும் எந்த சாஃப்ட்வேரும் கத்துக் குடுக்காது, அதனால ஸ்கோரைப் பாத்துக்கிட்டே ரெக்கார்டிங் கேக்கற பழக்கம் வேணும். ஐஎம்எஸ்எல்பி தளத்துல காப்பிரைட் முடிஞ்ச ஸ்கோர் எல்லாம் இலவசமா கிடைக்குது, ஹைடனோட ஒரு குவார்ட்டெட் எடுத்து ஒரு மூவ்மெண்ட்டை மியூஸ்ஸ்கோர்ல நீங்களே அடிச்சுப் போடுங்க, அதை வாசிக்க விட்டுட்டு உடனே நல்ல குவார்ட்டெட் வாசிச்ச ரெக்கார்டிங்கை கேளுங்க. உங்க சாஃப்ட்வேர் எந்த எந்த இடத்துல பொய் சொல்லுதுன்னு காதுக்கு அப்பதான் பிடிபடும், அதுக்கப்புறம் உங்க சொந்த பீஸ் கம்ப்யூட்டர்ல சுமாரா கேட்டாலும் பயப்பட மாட்டீங்க. முக்கியமா குவார்ட்டெட், தனி வாத்திய ஸ்ட்ரிங்ஸ், இதுங்கதான் சாம்பிள்ல வர்றதுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம். பத்து வயலின் சேந்து வாசிக்கும்போது மறையறது எல்லாம் ஒத்த வயலின்ல அப்படியே வெளிய தெரியும்.

லைப்ரரி பத்தி. இப்ப வாங்காதீங்க, ஆனா எதைப் பாத்து வாங்கணும்னு தெரிஞ்சுக்கோங்க. யூடியூப்ல காட்டற பெரும்பாலான ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி சினிமா பின்னணி இசையை மனசுல வச்சு செஞ்சது, பெரிய செக்‌ஷன், நெறைய எதிரொலி, கனமான வைப்ரேட்டோ. ஹைடன் எழுத்துக்கு அது பொருந்தாது, வேகமான குட்டை நோட்டு எல்லாம் குழைஞ்சு போகும். உதாரணத்துக்கு சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ்னு சிட்னியில பதிவு பண்ணது, முதல் வயலின் 10 பேர், ரெண்டாவது 7, வயோலா 7, செல்லோ 6, பாஸ் 5, உருக்கமான மெலடிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச லைப்ரரி, த்வோராக் பக்கம் போனா இது சரியா வரும். ஸ்பிட்ஃபயர்ங்கற கம்பெனியோட சேம்பர் ஸ்ட்ரிங்ஸ் லண்டன்ல ஏர் ஸ்டூடியோ ஹால்ல எடுத்தது, 4, 3, 3, 3, 3 மொத்தம் 16 பேர், மொஸார்ட் மாதிரி எழுதறவங்களுக்கு இந்த அளவுதான் காதுக்கு நியாயமா இருக்கும். டெமோவுல எவ்வளவு பிரம்மாண்டமா இருக்குன்னு பாக்காதீங்க, தனியா ஒரு வரி லெகாட்டோவும் தனியா ஒரு வரி ஸ்பிக்காட்டோவும் (வில்லைக் குதிக்க விட்டு வாசிக்கறது) எப்படி வருதுன்னு கேளுங்க. லெகாட்டோன்னு விளம்பரத்துல போட்டா ஒரு சுரத்துல இருந்து அடுத்த சுரத்துக்கு போற அந்த நகர்வையே ரெக்கார்ட் பண்ணியிருக்கணும், சும்மா ரெண்டு நோட்டை ஒட்டி வைக்கறது லெகாட்டோ இல்ல.

வாங்கினப்புறம் எல்லாரும் மாட்டற ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, பத்து வயலின் சேந்து வாசிச்ச பேட்ச்சுல (லைப்ரரியில ஒரு வாத்திய சவுண்ட்) மூணு நோட்டு கார்ட் அமுக்கினா முப்பது வயலின் வாசிக்கும், ஆள் பிரிஞ்சு வாசிக்க மாட்டாங்க, அதனாலதான் பியானோ மாதிரி ரெண்டு கையால கார்ட் பிடிச்சு செஞ்ச ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் ஆர்கன் மாதிரி தடிச்சு கேக்குது. நாலு குரலா எழுதி ஒவ்வொரு வரியையும் தனித்தனி ட்ராக்குல ஒவ்வொரு நோட்டா வாசிங்க, பியானோ படிச்சவங்களுக்கு இந்தப் பழக்கம் மாறத்தான் நாள் ஆகும். ரெண்டாவது, நீள நோட்டுக்கு சத்தம் கூடறது குறையறது எல்லாம் விரல் அழுத்தத்துல வராது, பெரும்பாலான லைப்ரரியில அது கீபோர்டுல இருக்கற மாட் வீல்ங்கற சக்கரம், மிடியில (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற மொழி) அதுக்குப் பேரு சிசி 1, சுழியத்துல இருந்து 127 வரை. குட்டை நோட்டுக்குத்தான் விரல் வேகம். இதைத் தெரியாம வீலை ஒரே இடத்துல விட்டுட்டு லைப்ரரி உயிரே இல்லாம இருக்குன்னு சொல்றவங்க ஏகப்பட்ட பேர். லெகாட்டோ நகர்வு நேரம் எடுக்கும்ங்கறதையும் நினைவுல வையுங்க, மேல சொன்ன சிட்னி லைப்ரரியில மெதுவான லெகாட்டோவுக்கு 333 மில்லிசெகண்ட், அதாவது ஒரு விநாடியில மூணுல ஒரு பங்கு, அந்த அளவுக்கு நோட்டை முன்னாடி தள்ளி வைக்கலேன்னா எல்லாமே தாளத்துக்குப் பின்னாடி இழுக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி எந்த ப்ளேயர்ல, அதாவது லைப்ரரியைத் திறந்து வாசிக்கற எந்த ப்ரோகிராம்ல, ஓடும்னு கட்டாயம் பாருங்க. கான்டாக்ட் ப்ளேயர்னு ஒண்ணு இலவசம், ஆனா சில லைப்ரரிக்கு காசு குடுத்து வாங்கற முழு கான்டாக்ட் வேணும், இலவச ப்ளேயர்ல அது 15 நிமிஷம் ஓடி நின்னுரும். லைசென்ஸ் பெரும்பாலும் உங்க பேருக்குத்தான், பிடிக்கலேன்னா திருப்பித் தர முடியாது, விக்கவும் முடியாது. நவம்பர் கடைசியில ப்ளாக் ஃப்ரைடேக்கு நல்லா விலை குறைப்பாங்க, மாணவர் சலுகையும் பல கம்பெனி தர்றாங்க, காலேஜ் ஐடி இருக்கற வரைக்கும் அதைப் பயன்படுத்துங்க. கிராக் பண்ணது யாராவது பென்டிரைவ்ல குடுத்தா வாங்காதீங்க, வைரஸ் தொல்லை ஒரு பக்கம், அந்த வயலினை வாசிச்ச ஆளோட உழைப்பு அது, நாளைக்கு உங்க இசைக்கும் ஒருத்தர் காசு குடுக்கணும்தானே.

இலவசமா பழகறதுக்கு ஸ்பிட்ஃபயரோட பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் போடுங்க. லண்டன்ல பிபிசியோட மேய்டா வேல் ஸ்டூடியோவுல அந்த ஆர்கெஸ்ட்ராவையே உக்கார வச்சு எடுத்தது, இதோட பெரிய எடிஷன் 600 ஜிபி கிட்ட வரும், டிஸ்கவர் சில நூறு எம்பிதான், உங்க லேப்டாப்புக்கு பாரமே இல்ல. நிஜ லெகாட்டோ கிடையாது, நீள நோட்டு, குட்டை நோட்டு, விரலால மீட்டற பிஸ்ஸிக்காட்டோ, வில்லை வேகமா நடுங்க விடற ட்ரெமலோ இருக்கு, மாட் வீல் பழகறதுக்கு இது போதும். இதை ஓட்ட ரீப்பர்னு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் எடுத்துக்கோங்க, 60 நாள் முழுசா பயன்படுத்திப் பாக்கலாம், அப்புறம் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், நம்ம காசுக்கு அஞ்சாயிரம் சுத்தி வரும். கியூபேஸ்னு இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ஆர்ட்டிகுலேஷன், அதாவது வாசிக்கற விதத்தை, மாத்தற வசதி இன்னும் நல்லா இருக்கு, ஆனா இப்போதைக்கு அந்த செலவு வேண்டாம். நோட்பெர்ஃபார்மர்னு ஒண்ணையும் கேள்விப்படுவீங்க, டோரிக்கோ, சிபேலியஸ் கூட வேலை செய்யறது, வரப்போற நோட்டுங்கள முன்னாடியே படிச்சுட்டு சொற்றொடரா வாசிக்கும், சவுண்ட் அழகு சுமார்தான், ஆனா பேலன்ஸ் விஷயத்துல மத்ததை விட ஒழுங்கா இருக்கும், டோரிக்கோவுக்குப் போற அன்னைக்கு வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான்.

உங்க 25,000 ரூபாய்க்கு வருவோம். முதல் செலவு ராம், லேப்டாப்ல மாத்தற ஸ்லாட் இருந்தா 16 ஜிபி ஆக்குங்க, ஹார்டு டிஸ்க்கா இருந்தா எஸ்எஸ்டி போடுங்க, ஏன்னா சாம்பிள் எல்லாம் டிஸ்க்ல இருந்து ஓடிக்கிட்டே இருக்கும், அது மெதுவா இருந்தா என்ன லைப்ரரி இருந்தும் நோட்டு விட்டு விட்டு வரும். அடுத்தது காதை மூடற நல்ல வயர் ஹெட்ஃபோன், ப்ளூடூத் வேண்டாம், தாமதம் வரும். மிடி கீபோர்டு வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற டிஜிட்டல் பியானோ பின்னாடி யூஎஸ்பி இருக்கான்னு பாருங்க, இருந்தா அதே போதும், மாட் வீல் மட்டும் இருக்காது, அதுக்கு ரெண்டு மூணு ஃபேடர் வச்ச சின்ன கண்ட்ரோலர் போதும். மிச்சம் இருக்கறதைத் தொடாதீங்க. ஒரு பீஸ் முழுசா எழுதி பார்ட் எடுத்தப்புறம் சென்னையில கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாதிரி இடங்கள்ல படிக்கற ஸ்ட்ரிங்ஸ் பசங்க நாலு பேரைத் தேடிப் பேசி, அவங்க நேரத்துக்கு மரியாதையா ஒரு தொகை குடுத்து, ஒரு மதியம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. எந்த லைப்ரரியும் சொல்லாததை அந்த வயோலாக்காரர் முதல் பக்கத்துலயே சொல்லிருவார்.

கர்நாடக வயலின் இதுல வருமான்னு கேட்டிருந்தீங்க. வராது. சாம்பிள் வயலின்ல இருக்கறது நிலையா பிடிச்ச சுரங்கள், அதுவும் மேற்கத்திய வைப்ரேட்டோவோட. பிட்ச் வீலை அசைச்சு கமகம் பண்ணப் பாத்தா பதிவான சத்தம் மொத்தமும், அந்த வைப்ரேட்டோ, மரப்பெட்டியோட ஒலி எல்லாம் சேந்து இழுபட்டு ரப்பர் மாதிரி கேக்கும். தோடியில காந்தாரம் நிக்கற சுரமே இல்லையே, அசைவுதான் அந்த சுரம். ரெக்கார்ட் பண்ண சத்தம் இல்லாம கணக்கு வழியா ஒலியை உண்டாக்கற ஸ்வாம் வயலின் மாதிரி சிலது வழுக்கலை கொஞ்சம் மேலா செய்யும், ஒரு ஐடியாவைக் குறிச்சு வைக்க அது ஆகும், ஆனா கேக்கறவங்களுக்குக் குடுக்கற பீஸ்னா திருச்சியிலேயே எத்தனையோ வயலின் வித்வான்கள் இருக்காங்க, ஒருத்தர் வீட்டுக்கு சின்ன ரெக்கார்டரோட போய், ராகமும் தாளமும் சொல்லி அவரையே வாசிக்கச் சொல்லுங்க.