தீனி தின்கிறது, எடை ஏறவில்லை: கறிக்கோழிக் குடல் பற்றிச் சில கேள்விகள்

தண்ணீரில் தவறாமல் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா) கலக்கிறேன். எந்த மாற்றமும் இல்லை. போலிச் சரக்கா?

சரக்கைத் திட்டுவதற்கு முன் தொட்டியைப் பாருங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால், கோழி வாய்க்குப் போவதற்குள் பாக்டீரியா செத்துவிடும். ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் கொடுப்பதும் பெரும்பாலும் வீண். தீவனத்தில் கலப்பதென்றால் இன்னொரு சங்கதி: தீவனத்தைக் குருணையாக அழுத்தி பெல்லட் அடிக்கும்போது சூடு 80 டிகிரியைத் தொடும். லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா அதில் தப்பாது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கெட்டி ஓடு கொண்ட வித்து (ஸ்போர்) வடிவில் இருப்பதால் தாங்கும்.

முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு அதன் எச்சத்தைக் கொத்தியே நல்ல பாக்டீரியாவைப் பெற்றுக்கொள்ளும். ஹேச்சரியில், அதாவது இயந்திரத்தில், பொரித்த குஞ்சுக்குத் தாய் ஏது? பெட்டி, லிட்டர் (தரையில் பரப்பும் உமி, மரத்தூள்), தண்ணீர், உங்கள் கை என முதலில் எது படுகிறதோ அதிலிருந்துதான் குடலுக்குக் குடித்தனம் வருகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். பின்லாந்தில் நுர்மி, ரந்தலா என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் இதைக் காட்டினார்கள்: வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவை ஒரு நாள் குஞ்சுக்குக் கொடுத்தபோது, சால்மோனெல்லா வந்து ஒட்ட இடமில்லாமல் போனது.

ஆனால் குஞ்சு தின்றால்தானே இதெல்லாம்? குஞ்சுகளைக் கொட்டகையில் விட்ட மறுநாள் காலை பத்து இருபது குஞ்சுகளைப் பிடித்துக் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். கூழ் அடைத்த மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். பல குஞ்சுகளுக்குக் காலியாகவோ கெட்டியாகவோ இருந்தால், புரூடரில் (குஞ்சுக்குச் சூடு தரும் அடைப்பில்) சூடு போதவில்லை அல்லது தண்ணீர் எட்டவில்லை. அதைச் சரிசெய்யாமல் மருந்துக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் வாரம் எச்சம் ஆரஞ்சு நிறத்தில் சளி போல வருகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். முதல் சந்தேகம் ரத்தக்கழிச்சல் கிருமியான காக்சிடியா மேல்தான். அது குடல் சுவரைப் புண்ணாக்கும். கசியும் புரதத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருகும். இந்த கிளாஸ்டிரிடியம் நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். புண் கிடைத்தால்தான் ஆட்டம் போடும். செத்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் அறுத்துக் காட்டுங்கள். சிறுகுடல் காற்றடைத்து, உள்பக்கம் டர்க்கி டவல் போலச் சொரசொரவென்று இருந்தால் நோய் முற்றிவிட்டது; மருந்தை அவர் சொல்லட்டும்.

கூடவே லிட்டரை ஒரு கைப்பிடி அள்ளிப் பிசையுங்கள். உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம். நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் முனை) எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள்.

அலமாரியில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பழைய டப்பா இருந்தால் தொடாதீர்கள். இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதை மத்திய அரசு 2019-ல் தடை செய்துவிட்டது.

ஹார்மோன் ஊசியால்தானே இவ்வளவு சீக்கிரம் வளர்கிறது?

இல்லை. ஆயிரக்கணக்கான கோழிக்கு யார் தினமும் ஊசி போடுவது? கனடாவின் அல்பெர்டா பல்கலைக்கழகத்தில் 1957-ம் ஆண்டு இனத்தையும் 2005-ம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56 நாளில் பழையது 905 கிராம், புதியது 4.2 கிலோ. இனத்தேர்வு செய்த வேலை அது.

மோர் ஊற்றலாமா?

கொஞ்சமாகத் தட்டில் வைத்தால் கெடுதலில்லை. எடை கூடும் என்று நம்ப வேண்டாம். நிப்பிள் பைப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவ நீங்கள்தான் உட்கார வேண்டும்.