ஊட்டித் தைலமும் 99.9 சதவீதமும்

கேள்வி: ஊட்டியில் ரோட்டோரக் கடையில் 100 மில்லி நீலகிரித் தைலம் வாங்கினேன். ‘சுத்தமானது, 99.9% கிருமிகளைக் கொல்லும்’ என்று ஸ்டிக்கர். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டேன், கறையே இல்லாமல் பறந்துவிட்டது. அப்போ அசல்தானே? தரை துடைக்கும் வாளியில் பத்துச் சொட்டு விடுகிறேன். ஃபினைலை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பத்துச் சொட்டு என்பது சுமார் அரை மில்லி. உங்கள் வாளி 10 லிட்டர் பிடிக்கும் என்றால், 20,000 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு தைலம். அதுவும் கரையாது. வாளியை எட்டிப் பாருங்கள், மேலே மினுமினுவென்று மிதக்கும். ஆய்வகத்தில் கிருமி வளராமல் தடுக்க இதைப்போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. உங்கள் வீட்டில் மணக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். மூக்கடைப்புக்கு இதமாக இருப்பது அதனால்தான். கிருமியோடு மோதுவதில் அது நடுத்தரம். ஓமத்தில் உள்ள தைமாலும் கிராம்பில் உள்ள யூஜினாலும் ஃபீனால் என்ற வேதிப்பொருள் வகை. கிருமியின் மேலுறையையே குலைத்துவிடும் என்பதால் அவை ஒரு படி மேலே. (நம் பாட்டிகள் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தது சும்மா இல்லை.)

காகிதச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. தேங்காய் எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருந்தால் எண்ணெய்க்கறை காட்டிக்கொடுக்கும். டர்பன்டைன் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து பறந்துவிடும்! அதைப் பிடிக்க, எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃபி என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். மருந்துத் தர எண்ணெயில் சினியோல் குறைந்தது 70% இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்து நூல். கடைக்காரரிடம் அந்த பேட்சின் ஆய்வறிக்கை கேளுங்கள். லேபிளில் ‘யூகலிப்டஸ் குளோபுலஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். எலுமிச்சை வாசனை அடித்தால் அது சிட்ரியோடோரா என்ற வேறு வகை யூகலிப்டஸ். அதில் சிட்ரோனெல்லால்தான் அதிகம், அது வேறு சரக்கு.

அப்புறம், பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே வலிப்பு வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவவும் வேண்டாம்.

பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, அதிகபட்ச விலை இருக்கிறதா? பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை கட்டாயம். இல்லையென்றால், அந்த 99.9% ஸ்டிக்கரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். பில் இருந்தால் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.