பொதுக் கட்டடத்தைப் புதுப்பிக்க முன்வரும் சபையாருக்கு: பெயின்டுக்கு முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: எங்கள் திருச்சபையைச் சேர்ந்த முப்பது பேர் சேர்ந்து, அருகிலுள்ள பழைய பொது நூலகத்தைப் புதுப்பித்துத் தர விரும்புகிறோம். உட்சுவர்களில் பெயின்ட் உரிந்து நிற்கிறது. வாசலில் மூன்று படிகள் இருப்பதால் முதியவர்கள் சிரமப்படுகிறார்கள். கட்டட வேலை தெரிந்தவர்கள் எங்களில் இருவர்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டடத்தை நிர்வகிப்பவர்களிடம் எழுத்துப்பூர்வமான அனுமதி பெறுவதிலிருந்து தொடங்குங்கள். எந்தெந்த வேலைகள், பொருட்செலவு யாருடையது, யாருக்காவது காயம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது, பிறகு பராமரிக்கப்போவது யார் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். சபைக்குக் காப்பீடு இருந்தால், வெளியிடத்தில் நடக்கும் வேலைக்கும் அது பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். தன்னார்வப் பணிகளில் பெரும்பாலும் வீணாவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயின்ட் உரிவதற்குப் பல நேரங்களில் பெயின்ட் காரணமல்ல, சுவருக்குள் இருக்கும் ஓதமே காரணம். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பெயின்ட் அடித்தால், அடுத்த மழைக்காலத்திலேயே அது கொப்பளித்து உரியத் தொடங்கும். சுவரில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் கோத்திருந்தால் அது அறையின் காற்றிலுள்ள ஈரம், அதற்குச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தருவதே மருந்து. சுவரிலிருந்து வருகிறது என்றால், அடைபட்ட மழைநீர்க் குழாய், உள்ளே கசியும் தண்ணீர்க் குழாய், சுவரை நோக்கிச் சரிந்திருக்கும் வெளித்தரை ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தேய்த்து அகற்றுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். விரலால் தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும் இடங்களில் பழைய பூச்சை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். புதிய சிமென்ட் பூச்சின் மீது பெயின்ட் அடிக்க ஏறத்தாழ 28 நாள் காத்திருப்பது நல்லது.

பழைய பெயின்டைச் சுரண்டுவதற்கு முன் இன்னொன்றையும் உறுதிசெய்யுங்கள். அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்தே வந்தது. ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது, நூலகமோ குழந்தைகள் வந்து தரையில் உட்காரும் இடம். ஆகவே ஆய்வகச் சோதனையின் முடிவு வரும்வரை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். ஈயம் இருப்பது தெரிந்தால் அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் இருந்தால் அவற்றைத் துளையிடவோ வெட்டவோ உடைக்கவோ கூடாது.

வாசலுக்குச் சாய்தளம் அமைப்பதை நான் பெயின்ட் வேலைக்கும் மேலாக வைப்பேன், ஏனெனில் இதுவரை உள்ளே வர முடியாதவர்களை அதுதான் உள்ளே அழைத்துவரும். 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், என்பது பரவலாக ஏற்கப்பட்ட சரிவு விகிதம். ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர், அதற்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். சாய்தளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குச் சமதளமும் இருபுறமும் கைப்பிடியும் தேவை. இடம் போதவில்லையே என்று சரிவைச் செங்குத்தாக்கிவிடாதீர்கள். நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பி அமைக்கலாம்.

வேலை தெரிந்த இருவரின் கையில் தூரிகையைக் கொடுக்காமல், மேற்பார்வையை ஒப்படையுங்கள். மின்கம்பி வேலைக்கு உரிமம் பெற்றவரையே அழையுங்கள். ஏணி வேலையும் சுரண்டும் வேலையும் சிறுவர்களுக்கு வேண்டாம். புத்தகங்களைத் தூசு தட்டி, பெட்டியில் அடுக்கி, வரிசை எண் எழுதும் பணியே அவர்களுக்குப் போதுமான அளவு இருக்கும்.

சுவரில் வசனம் எழுதலாமா, சபையின் பெயர்ப்பலகை வைக்கலாமா என்ற பேச்சும் உங்களிடையே எழும். எல்லா மதத்தாரும் வந்து படிக்கும் இடமாகையால் இரண்டையும் தவிர்ப்பதே முறை என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, அடித்த பெயின்டின் நிற எண், குழாய்கள் செல்லும் வழி, அடுத்துச் செய்ய வேண்டிய பழுது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். முதல் மழைக்காலத்தில் இருவர் சென்று சுவர்களைப் பார்த்துவருவதற்கான நாளையும் இப்போதே குறித்துவிடுங்கள்.